பெயர் சொல்லாத சாட்சிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

2019 அக்டோபர் 30 அன்று அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழு முன் அமர்ந்திருந்த லாரன்ஸ் வான்டைக், பதில் சொல்லும்போதே குரல் தழுதழுத்துக் கண்ணீர் விட்டார். ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிபர் டிரம்ப் முன்மொழிந்த அவரை, முந்தின நாள் தேதியிட்ட கடிதத்தில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் ‘தகுதியற்றவர்’ என்று மதிப்பிட்டிருந்தது. அவர் திமிர் பிடித்தவர், சோம்பேறி, கொள்கைப் பிடிவாதக்காரர் என்று அவரை அறிந்தவர்கள் கூறியதாக அக்கடிதம் சொன்னது. பேட்டி கண்டது 60 பேரை. ஒருவர் பெயரும் வெளியிடப்படவில்லை. மதிப்பீட்டை முன்நின்று நடத்திய வழக்கறிஞரோ, 2014-இல் மொன்டானா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதித் தேர்தலில் வான்டைக்கை எதிர்த்துப் போட்டியிட்டவருக்கு நன்கொடை அளித்திருந்தார். தொகை சிறியதுதான். ஆனால் அப்படிப்பட்டவர் அந்தப் பொறுப்பிலிருந்து தாமாகவே விலகியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்படுவோரைச் சங்கம் இப்படி மதிப்பிடுவது, அதிபர் ஐசனோவர் 1953-இல் தொடங்கிவைத்த வழக்கம். சங்கத்தின் 15 பேர் கொண்ட நிலைக்குழு நேர்மை, தொழில்திறன், நீதிபதிக்குரிய மனப்பாங்கு ஆகிய மூன்றை மட்டுமே பார்ப்பதாகவும், அரசியல் கருத்துகளைத் தொடுவதில்லை என்றும் சொல்லிவருகிறது. முதல் இரண்டுக்கும் ஆவணம் உண்டு: நடத்திய வழக்குகள், எழுதிய மனுக்கள், ஒழுங்கு நடவடிக்கைகளின் பதிவுகள். மூன்றாவதற்கு அளவுகோல் ஏது? பொறுமை, திறந்த மனம், பரிவு போன்றவற்றை எடைபோடும்போது, தம்மோடு ஒத்துப்போகிறவரின் உறுதி துணிவாகவும், எதிர்க்கருத்துக் கொண்டவரின் அதே உறுதி பிடிவாதமாகவும் தெரிவது மனித இயல்பு. 1987-இல் குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த ராபர்ட் போர்க்கைக் குழுவில் பத்துப் பேர் ‘மிகத் தகுதியானவர்’ என்றபோது, நால்வர் ‘தகுதியற்றவர்’ என்றார்கள். அவர்கள் ஐயம் எழுப்பியதும் இந்த மனப்பாங்கைப் பற்றித்தான். ரீகன் நியமித்த ரிச்சர்ட் போஸ்னரைக் குழுவில் ஒரு சிறுபான்மை தகுதியற்றவர் என்றது. பின்னாளில் அமெரிக்காவிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் நீதிபதிகளில் ஒருவரானார் அவர்.

இதைக் கொண்டு, சங்கம் தங்கள் ஆட்களுக்கு எதிராகச் சார்புடன் நடக்கிறது என்ற குடியரசுக் கட்சியினரின் புகார் முழுக்க மெய்யென்று முடிவுகட்டுவது அவசரம். வெளியே தெரியும் பட்டியலை மட்டும் பார்த்தால், ‘தகுதியற்றவர்’ முத்திரை ஒரு கட்சியின் ஆட்களுக்கே விழுவதாகத் தோன்றும். அதற்கு ஒரு காரணம் மதிப்பீடு நடக்கும் நேரம். ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா பெயர்களை அறிவிக்கும் முன்பே இரகசியமாக நிலைக்குழுவுக்கு அனுப்பினார். 2011-இல் வெளியான செய்தியின்படி, அவ்வாறு சென்ற ஏறத்தாழ 185 பேரில் 14 பேர் தகுதியற்றவர் என மதிப்பிடப்பட்டனர். அவர்கள் சத்தமில்லாமல் கைவிடப்பட்டதால் ஊருக்குத் தெரியவில்லை. குடியரசுக் கட்சி அதிபர்களான புஷ் 2001-இலும் டிரம்ப் 2017-இலும் அந்த முன்கூட்டிய ஆய்வை நிறுத்திவிட்டதால், அவர்கள் தேர்ந்தவர்களின் குறை பெயர் அறிவிக்கப்பட்ட பின் அம்பலத்துக்கு வந்தது. டிரம்ப் முன்மொழிந்த, ஒரு வழக்கின் விசாரணையைக்கூட நடத்தியிராத பிரெட் டேலி ஒருமனதாகத் தகுதியற்றவர் எனப்பட்டு, 2017-இல் விலகியதும் அப்படித்தான். அதில் சார்பு எங்கே என்று யாரும் எளிதில் காட்டிவிட முடியாது.

வான்டைக்கை அந்த டிசம்பரிலேயே செனட் 51-க்கு 44 என்ற வாக்கில் ஏற்றுக்கொண்டது; மதிப்பீடு அதைத் தடுக்கவில்லை. 2025 மே மாதத்தில் நீதித்துறை அமைச்சகம் இன்னும் ஒரு படி மேலே போனது. முன்மொழியப்படுவோர் இனி சங்கத்தின் வினாப்பட்டியலுக்குப் பதில் எழுத மாட்டார்கள், பேட்டிக்கும் வர மாட்டார்கள், வெளியிடப்படாத தொழில் ஒழுங்குப் பதிவுகளைப் பார்க்க அனுமதியும் தர மாட்டார்கள் என்று அறிவித்தது. ஆக, சார்பைக் குற்றம் சாட்டியவர்கள் அடைத்தது ஆவணத்தின் வாசலை. பெயர் சொல்லாமல் பேசும் அந்த அறுபது பேரின் தொலைபேசி இன்றும் திறந்தே இருக்கிறது.