கடலடியில் கிடக்கும் ஆதிமனிதரின் கரை

(மும்பை மாதுங்காவில் தமிழன்பர்கள் கூடிய ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

முன்வரிசையில் இருக்கும் சிலர் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என்று தலைவர் சொன்னார். அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். பாம்பே ஹை எண்ணெய் வயல் இங்கிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், நடுக்கடலில் இருக்கிறது. அங்கே ஆழம் ஏறத்தாழ 75 மீட்டர். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, அதாவது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் தண்ணீரில் ஒரு பங்கு வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பனிப்பாளமாக உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இன்று எண்ணெய்க்குத் துளையிடும் ரிக் நிற்கிற இடம் அன்று தரை. இந்த மாதுங்காவிலிருந்து புறப்பட்ட ஒருவர் அங்கே கால்நடையாகவே போயிருக்கலாம். கடலைப் பார்க்க அதையும் தாண்டி மேற்கே நடந்திருக்க வேண்டும்.

பிறகு பனி உருகியது. ஒரே சீராக அல்ல. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டத்தில், ஐந்நூறு ஆண்டுகளுக்குள்ளேயே கடல் பதினைந்து மீட்டருக்கு மேல் உயர்ந்தது. நூறு ஆண்டுக்கு மூன்று மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நம் மேற்குக் கடலடி மிகவும் தட்டையானது. 160 கிலோமீட்டருக்கு 75 மீட்டர்தான் சரிவு. ஒரு மீட்டர் தண்ணீர் ஏறினால் கரை இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும். அப்படியென்றால் அறுபது வயது வாழ்ந்த ஒரு கிழவி, தான் சிறுமியாக நண்டு பிடித்த கரைக்கும் தன் பேத்தி நண்டு பிடிக்கும் கரைக்கும் நடுவே மூன்று கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருப்பாள்.

ஆதிமனிதர் என்றதும் நமக்குக் குகையும் மலையும்தான் நினைவுக்கு வருகின்றன. காரணம் எளிது: அங்கே இருந்தவை நமக்கு மிஞ்சின. ஆனால் மீனும் சிப்பியும் பறவையும் நன்னீரும் ஓரிடத்தில் கிடைக்கும் முகத்துவாரத்தை விட்டுவிட்டு எல்லாரும் மலை ஏறியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. இதே மும்பையில் 1930களில் டாட் என்ற கடற்படை அதிகாரி காந்திவலிப் பக்கம் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்து 1939-இல் எழுதினார். ஆக, இந்த மண்ணில் ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. அவர்கள் போய்வந்த கரை எங்கே என்றுதான் யாரும் தேடவில்லை.

தேடினால் கிடைக்குமா? 1931-இல் நடந்ததைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் நார்ஃபோக் கரைக்கு அப்பால், வடகடலில், கொலிண்டா என்ற இழுவைப் படகு மடி வலையை இழுத்துக்கொண்டிருந்தது. மீனோடு ஒரு கறுப்புக் கட்டியும் ஏறி வந்தது. செடிகொடிகள் அழுகி இறுகிய சேற்றுக்கட்டி. அந்தக் கடலில் இது தினப்படித் தொல்லை. திரும்பக் கடலில் எறிந்துவிடுவார்கள். படகுத் தலைவர் பில்கிரிம் லாக்வுட் அதை மண்வெட்டியால் உடைத்தார். உள்ளே எதுவோ கடினமாகத் தட்டியது. எடுத்துப் பார்த்தால், மான் கொம்பில் செதுக்கிய ஈட்டிமுனை. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாக முள் வெட்டியிருக்கிறது, குத்திய மீன் நழுவாதபடி. யாரோ படகிலிருந்து தவறவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பகுதியின் சேற்றில் இருந்த மகரந்தத்தை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர்கள், அது நன்னீரில் வளர்ந்த செடிகளின் மிச்சம் என்று காட்டினார்கள். நடுக்கடலில் ஒரு சதுப்புநிலம் இருந்திருக்கிறது. அதன் ஓரத்தில் ஒருவர் மீன் குத்தியிருக்கிறார். பிரிட்டனையும் ஐரோப்பாவையும் இணைத்திருந்த அந்த நிலத்தை இன்று டாகர்லாந்து என்கிறார்கள்.

நீருக்கடியில் எல்லாம் அழிந்துபோயிருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. காற்றுப் புகாத சேறு மூடிவிட்டால், தரையில் பத்து மழைக்குத் தாங்காத பொருள்கூட ஆயிரக்கணக்கான ஆண்டு தாங்கும். டென்மார்க்கில் டிப்ரின்ட் விக் என்ற இடத்தில் 1970களின் இறுதியிலிருந்து முத்துக்குளிப்பது போல மூழ்கி மூழ்கி அகழ்ந்தார்கள். ஒன்பது மீட்டருக்கு மேல் நீளமான ஒற்றை மரத்தோணி கிடைத்தது. அதன் உள்ளே களிமண் பூசி அடுப்பு வைத்திருக்கிறார்கள்! துடுப்பின் அலகில் சித்திர வேலை செதுக்கியிருக்கிறது. எலும்புத் தூண்டில் முள்ளில் கட்டிய நூல் மிஞ்சியிருக்கிறது. ஆறாயிரம் ஆண்டுக்கும் பழைய முடிச்சு அது. கல்லை மட்டும் வைத்துக் கற்காலம் என்று பெயரிட்டோம். அவர்கள் வாழ்க்கையில் பெரும்பகுதி மரமும் நாரும் தோலும்தான் என்பதை அந்த ஒரு முடிச்சு போதும், காட்டிவிடுகிறது.

பிரான்சில் மார்செய் அருகே கோஸ்கே குகை. வாயில் 37 மீட்டர் ஆழத்தில். உள்ளே சுவரில் குதிரைகள், கடல்நாய்கள், மனிதக் கைகளின் அச்சு. பழையவை சுமார் 27,000 ஆண்டுக்கு முந்தியவை. அதை வரைந்தவர்கள் நடந்து வந்தவர்கள். அன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

இப்போது நம் ஊர் ஆசையைப் பற்றியும் பேசியாக வேண்டும். தமிழர் கூட்டத்தில் கடல்கோள் என்றாலே குமரிக்கண்டம் வந்துவிடும். இந்தியப் பெருங்கடலின் நடுவே மூழ்கிய கண்டம் ஏதும் இல்லை. நிலத்தட்டுகள் நகர்வதை அறிந்தபின் அந்தக் கருத்துக்கு இடமில்லை. அதற்காக மனம் சோர வேண்டாம். பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல். பனியுகத்தில் அது முழுக்கத் தரை, இலங்கைக்கு நடந்தே போகலாம். மன்னார் வளைகுடாவின் ஓரங்களும் அப்படித்தான். தாராவியில் இருக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்குத் தேரிக்காடு தெரியும். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துச் செம்மணலில் நகக்கண் அளவுச் சிறு கற்கருவிகள் கிடைக்கின்றன. 1950களில் அவற்றைப் பற்றி எழுதிய அறிஞர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் அன்றைய கடல் மட்டத்தோடு சேர்த்தே அவற்றை ஆராய்ந்தார்கள். நமக்கு உண்மையிலேயே நிலம் போயிருக்கிறது. கற்பனைக் கண்டத்துக்காக வாதாடும் நேரத்தில் இதைத் தேடலாம் என்பது என் ஆதங்கம்.

குஜராத்தின் காம்பே வளைகுடா செய்தியும் உங்களுக்கு நினைவிருக்கும். 2001-02இல், கடலடியில் நகரம் என்றார்கள். ஒரு மரத்துண்டு 9,500 ஆண்டுப் பழமை என்றார்கள். மரம் பழையதாக இருக்கலாம். ஆனால் அந்த வளைகுடாவில் ஓதம் நாட்டிலேயே மிகக் கடுமையானது. அடிமண் இடைவிடாமல் புரள்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வாரி எடுத்த துண்டு எங்கிருந்து உருண்டு வந்ததென்று எப்படிச் சொல்வது? பொருளைவிட அது படிந்திருந்த மண்தான் சாட்சி. கொலிண்டா ஈட்டிக்கு அந்தச் சாட்சி இருந்தது.

சரி, என்ன செய்யலாம்? பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வின்ஸ் காஃப்னி குழுவினர் டாகர்லாந்தின் ஆறுகளையும் ஏரிகளையும் வரைபடமாக்கியது புதிதாக ஒரு கப்பல் விட்டு அல்ல. எண்ணெய் தேடிய நிறுவனம் கடலடிக்கு ஒலியலை அனுப்பி எடுத்த நில அதிர்வுப் பதிவுகளைக் கேட்டு வாங்கி, மேலடுக்கை மட்டும் புதுக்கண்ணோடு பார்த்தார்கள். நம் மேற்குக் கடலில் 1970களிலிருந்து எண்ணெய்க்காக எவ்வளவு பதிவு எடுத்திருக்கிறோம்! மேலே இருக்கும் சில பத்து மீட்டர் மண் எண்ணெய்க்காரர்களுக்குத் தேவைப்படாதது. தொல்லியலாளருக்கு அதுதான் பொக்கிஷம். எங்கே பழைய ஆறு ஓடியது, எங்கே அது கடலில் கலந்தது என்று தெரிந்தால், முக்குளிப்பவர் எங்கே இறங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தூர்வாருவதும் அப்படியே. இந்தோனேசியாவின் சுரபாயா அருகே நிலம் உருவாக்க மதுரா நீரிணையிலிருந்து மணல் வாரினார்கள். கொட்டிய மணலில் ஆயிரக்கணக்கான விலங்கு எலும்புகளும், நமக்கு முந்திய மனித இனமான ஹோமோ எரெக்டஸின் மண்டையோட்டின் இரண்டு துண்டுகளும் கிடைத்தன. சுமார் 1,40,000 ஆண்டுப் பழமை, 2025-இல் வெளியானது. மணலைக் குனிந்து பார்க்க ஒருவர் இருந்ததால் கிடைத்தது. மும்பையிலோ 1870களில் பிரின்சஸ் டாக் தோண்டியபோதே சேற்றுக்கடியில் வேரோடு நின்ற காடு வந்தது. நம் ஊரில் கருங்காலி என்கிற இனத்து மரங்கள். நிலம் தாழ்ந்து மூழ்கிய காடு என்று அன்றைக்கே எழுதி வைத்தார்கள். அதற்குப்பின் இந்தத் துறைமுகத்தில் எத்தனை லட்சம் டன் சேறு வாரியிருப்போம். அதில் ஒரு கூடையையாவது சலித்துப் பார்க்க ஆள் போட வேண்டும் என்பது பெரிய கோரிக்கை இல்லை.

அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். துறைமுகத்தில், தூர்வாரும் கப்பலில், சசூன் டாக் மீன்துறையில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இருந்தால் சொல்லி வையுங்கள். மடியிலோ மணலிலோ செதுக்கிய கல்லோ, கறுத்துக் கனத்த எலும்போ வந்தால் கழுவ வேண்டாம், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். நனைந்த எலும்பும் மரமும் காய்ந்தால் வெடித்துவிடும். ஒட்டிய சேற்றோடு ஈரத்துணியில் சுற்றி, படகின் ஜிபிஎஸ் காட்டும் இடத்தையும் ஆழத்தையும் தேதியோடு குறித்து, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுக்கட்டும். இந்தியத் தொல்லியல் துறையின் மும்பை வட்ட அலுவலகம் பக்கத்திலேயே, சயான் கோட்டையில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.