தண்டியடிகள் கட்டிய கயிறு

(சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் நடந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அன்பர்களே, அறியாமையைப் பற்றிப் பேச வந்தால் நம் மேடைகளில் சட்டென்று வந்து நிற்கும் உவமை குருடு. திருமூலரே 'குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குருடும் குருடும் குழிவிழு மாறே' என்று பாடியிருக்கிறார். அவர் சாடுவது நல்ல குருவைத் தேடாதவர்களை. சரி, பார்வையில்லாத அன்பர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அந்த வரியை எப்படிச் சொல்வது? எனக்கு நாக்கு கூசுகிறது. அதனால் இன்று பெரியபுராணத்துக்குப் போகிறேன்.

அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான தண்டியடிகள் திருவாரூர்க்காரர். பிறவியிலேயே பார்வை கிடையாது. கோயில் குளம் குறுகிப்போய்விட்டதே என்ற கவலையில் தானே தோண்ட இறங்குகிறார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, இரண்டுக்கும் நடுவே கயிறு. கயிற்றைத் தடவியபடி இறங்குவார், மண்ணை வெட்டி எடுப்பார், தடவியபடியே ஏறிக் கொட்டுவார். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத் தரையில், பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டக் காலுக்குத் தட்டுப்படும் மேட்டுக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிறு நினைவுக்கு வரும்.

அப்புறம் அவருக்குக் கண் வருகிறது, கேலி செய்த சமணர்களுக்குப் போகிறது. பேச்சாளர்கள் குரலை உயர்த்துவது அந்த இடத்தில்தான். எதிராளியின் பார்வை பறிபோவது எனக்கு இனிப்பதில்லை. அது அந்தக் காலத்துச் சமயப் பூசலின் சூடு. தண்டியடிகளின் தொண்டு கண் கிடைப்பதற்கு முன்பே முழுமையாக நடந்துகொண்டிருந்தது.

சுந்தரர் கதை வேறு. உன்னைப் பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதும் பார்வை போகிறது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். அந்த வழி முழுக்க அவர் அடங்கிப் போகவில்லை. அடியவர் துன்பத்தைச் சொன்னாலும் நீர் சும்மா இருப்பீர், 'வாழ்ந்து போதீரே' என்று இறைவனிடமே சண்டை போடுகிறார். கண் போன மனிதரின் கோபம் தேவாரமாகவே நிற்கிறது, யாரும் அதை வெட்டி எறியவில்லை.

பங்குனிச் சதயத்தில் தண்டியடிகள் குருபூசை வரும். தேவார வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்று கதை சொல்லும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்து அவர்களை நடக்க விடுங்கள். அதிசயத்தைப் பிறகு சொல்லலாம்.