முட்டி தேய்ந்தால் தொடையைக் கவனியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். எக்ஸ்ரே எடுத்துவந்து, "ஜவ்வு தேஞ்சுபோச்சு, இனி நடக்கவே கூடாது" என்று கட்டிலோடு ஒதுங்கிவிடுகிறவர்கள் தர்மபுரிப் பக்கம் நிறையப் பேர். முதல் பாதி சரி. தேய்ந்த ஜவ்வு பழையபடி வளராது. இரண்டாம் பாதிதான் தவறு: முட்டியைத் தாங்கும் தசை வளரும், எழுபது வயதிலும் வளரும்.

தொடையின் முன்பக்கத் தசை நான்கு பிரிவாக இறங்கி, முட்டிச் சில்லைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பில் சேர்கிறது. காலை ஊன்றும்போது விழும் அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் முதலில் சூம்புவது இதுதான். தீர்த்தமலைப் படியில் ஏறும்போதைவிட இறங்கும்போது பலருக்கு முட்டி நடுங்குகிறதே, உடம்பை மெல்ல இறக்கிவிடும் வேலை முழுக்க இந்தத் தசையின் தலையில் விழுவதால்தான்.

பாயில் மல்லாந்து படுங்கள். ஒரு காலை மடக்கி ஊன்றுங்கள். வலிக்கிற காலை நீட்டி, முதலில் தொடையை இறுக்குங்கள். பிறகு ஒரு அடி உயரம் தூக்கி, 5 எண்ணி, மெதுவாக இறக்குங்கள். 10 தடவை, சற்று ஓய்வு, மறுபடி 10. முட்டி தொய்ந்து மடங்கினால் தொடைக்கு வேலை கிடைக்காது, இடுப்பே இழுத்துவிடும். வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். சுலபமாகிவிட்டதா? அரைக்கிலோ கேழ்வரகைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரை ஒட்டிப் போடுங்கள். எழ முடியாவிட்டால் தலையணை வைத்து உயரம் கூட்டலாம். முட்டிகள் உள்பக்கம் சாயக்கூடாது. உட்காருவதற்கு 3 எண்ணிக்கை எடுத்துக்கொள்ளுங்கள்; பொத்தென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள், 8 முதல் 10 தடவை போதும்.

செய்யும்போது லேசாக வலித்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தால், விட்டுவிடாமல், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வித்தியாசம் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். பத்தே நாளில் சலித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

குத்துக்காலிட்டுக் களை எடுப்பவர்கள் சின்ன முக்காலி ஒன்றை வயலுக்கு எடுத்துப்போங்கள். முட்டி சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மடக்கிய கால் பூட்டிக்கொண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கைத்தடி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும்.