டப்பா மூடியிருக்கும் ஐந்து மணி நேரம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். “பள்ளிப் பிள்ளையின் மதிய உணவு சத்துள்ளதாக அமையப் பெரிதும் பொறுப்பேற்க வேண்டியது வீடா, பள்ளியா?” என்ற தலைப்பில், பள்ளியே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், “டப்பாவை நிரப்புகிற கைக்குத்தானே பொறுப்பு?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிச் சென்றார். அவர் அடுக்கிய அறிவுரைகள் அத்தனையும் தாய்மாருக்கே சொல்லப்பட்டன. தந்தை என்று ஒருவர் அந்த வீட்டில் இருப்பதாகவே தெரியவில்லை. அது போகட்டும்.

காலை ஏழரை மணிக்கு மூடிய டப்பா பன்னிரண்டரை மணிக்குத்தான் திறக்கப்படுகிறது. அதுவரை அது புத்தகப் பைக்குள்ளோ சன்னலோர வெயிலிலோ கிடக்கிறது. சூட்டோடு மூடிய கீரைக் கடைசல் அதற்குள் நிறமும் மணமும் மாறிவிடும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு ஊசிப்போகும். தயிர்சாதம் புளித்துவிடக் கூடாது என்பதற்காகவே நம் வீடுகளில் குழைந்த சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்து, உறைக்கென்று ஒரு கரண்டித் தயிரை மட்டும் சேர்த்து அனுப்புகிறார்கள். இவ்வளவு நுட்பம் அறிந்த கைகள்தாம் எலுமிச்சைச் சாதத்தையும் புளிச்சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் மாற்றி மாற்றிக் கட்டுகின்றன. காரணம் அறியாமை அன்று. அவை மதியம் வரை கெடாமல் இருக்கும் என்பதுதான். எது டப்பாவுக்குள் போகலாம் என்பதை அந்த ஐந்து மணி நேரம் முடிவு செய்கிறது. அந்த ஐந்து மணி நேரத்தின் பெரும்பகுதியோ பள்ளியின் பொறுப்பில் கழிகிறது. டப்பாக்களை வைக்க நிழலும் காற்றும் உள்ள ஓர் அலமாரியையாவது ஒதுக்கியிருக்கிற பள்ளிகள் எத்தனை?

முட்டையின் கதை இதைவிட வருத்தமானது. அவித்த முட்டையோடு டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தினால், மறுநாள் முட்டை வேண்டாம் என்று அடம்பிடிக்கிற குழந்தையிடம் எந்தத் தாயின் கெஞ்சலும் எடுபடாது. முட்டையே கொண்டுவரக் கூடாது என்று விதி வைத்திருக்கிற தனியார் பள்ளிகளும் உண்டு. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவாகத் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்த திட்டத்தின் பந்தியைப் பாருங்கள். அங்கே பள்ளி நாள்தோறும் முட்டை உண்டு; முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. எல்லார் தட்டிலும் ஒன்று இருக்கும்போது எவரும் மூக்கைப் பொத்துவதில்லை. அது ஏழைப் பிள்ளைகளுக்கான திட்டம் என்று எதிரணியினர் விலக்கி வைக்கக்கூடும். ஆயினும் உடன் அமர்ந்திருப்பவரைப் பார்த்து உண்ணும் பழக்கம் கட்டணம் செலுத்துகிற பிள்ளைக்கும் இருக்கத்தானே செய்கிறது?

வீட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் பிஸ்கட் பொட்டலத்தைப் பைக்குள் திணித்து அனுப்புகிற வீடுகளும் இருக்கின்றன; நானும் அப்படி அனுப்பியவன்தான். ஆனால் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இலேயே விதி வகுத்துவிட்டது. அந்த வாயில் பள்ளியின் வாயில். வீட்டு வாயில் அன்று. கேண்டீனில் சமோசாவை விற்றுக்கொண்டே, காய்கறி கொடுத்தனுப்புங்கள் என்று பெற்றோருக்குச் சுற்றறிக்கை விடுவது எந்த நியாயத்தில் சேரும்?

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்றை மட்டும் கேட்டு அமர்கிறேன். உணவு இடைவேளையை இருபது நிமிடமாகச் சுருக்கிய பள்ளியில் கை கழுவும் வரிசையிலேயே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. மாலையில் பாதிச் சோற்றோடு திரும்பி வந்த டப்பாவைத் திறந்து, “ஏன் கண்ணு சாப்பிடலை?” என்று தாய் கேட்கும்போது, “மணி அடிச்சிட்டாங்கம்மா” என்கிறது குழந்தை. அந்த மணி எந்த வீட்டில் தொங்குகிறது, ஐயா?