இரண்டாவது அணியில் விளையாடியவர்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். பாடசாலை மாணவர்களுக்கு நெடுங்காலம் கூடைப்பந்தாட்டம் பழக்கியவன் என்ற முறையில் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள். என்.பி.ஏ. என்று நம் பிள்ளைகள் சொல்லும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் பெரும் புகழ் பெற்றவர்களின் ஆரம்ப ஆண்டுகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்களுடைய வெற்றிகளை நீங்கள் கைத்தொலைபேசியிலேயே பார்த்திருப்பீர்கள். அந்த வெற்றிகளுக்கு முந்திய காலத்தில் அவர்களுக்கு விளையாட எவ்வளவு இடம் கிடைத்தது, அதை யார் கொடுத்தார்கள் என்பதே என்னை நெடுநாளாக விடாமல் பற்றியிருக்கும் கேள்வி.

மைக்கல் ஜோர்டனைப் பாடசாலை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்ற கதையைக் கேளாதவர் குறைவு. நமது இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிலும் பரிசளிப்பு விழாக்களிலும் பிரதம விருந்தினர்கள் அதைச் சொல்லி, தோல்வியைக் கண்டு துவளாதீர்கள் என்று மாணவர்களுக்குப் புத்தி கூறுவார்கள். ஆனால், நடந்தது சற்று வேறு. 1978 ஆம் ஆண்டில், நோர்த் கரோலைனா மாநிலத்தின் வில்மிங்டன் நகரிலுள்ள லேனி உயர்பாடசாலையில் அவர் படித்துக்கொண்டிருந்தார். வயது பதினைந்து, உயரம் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. முதலாவது அணிக்கு உயரமான ஒருவர் தேவைப்பட்டதால், ஆறரை அடி உயரமான லிரோய் சிமித் என்ற சக மாணவரைத் தெரிவு செய்தார்கள். பட்டியலில் தன் பெயரைக் காணாத ஜோர்டன், வீட்டுக்குப் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரையும் அவர் மறக்கவில்லை. 2009 ஆம் ஆண்டு கூடைப்பந்தாட்டத்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது ஆற்றிய உரையில்கூட லிரோய் சிமித்தைக் குறிப்பிட்டார்.

நேயர்கள் தயவுசெய்து இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஜோர்டனை எவரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர் இரண்டாவது அணியில் சேர்க்கப்பட்டு, அந்தப் பருவம் முழுவதும் அதன் முதன்மை வீரராக விளையாடினார். முதலாவது அணியில் இடம் கிடைத்திருந்தால், மூத்த மாணவர்களுக்குப் பின்னால் மேலதிக வீரராக வாங்கில் அமர்ந்திருக்கக்கூடிய ஒரு பையனுக்கு, ஆட்டத்துக்கு ஆட்டம் பந்து கையில் கிடைத்தது. அழுகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவது அணி என்று ஒன்று அங்கே இருந்ததைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமது பாடசாலைகளில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்கிறோம். திடலில் நிற்பவர்கள் ஐந்து பேர். ஆட்டம் இறுக்கமாகப் போனால் ஏழு பேருக்கோ எட்டுப் பேருக்கோதான் வாய்ப்புக் கிடைக்கும்; மற்றவர்கள் சீருடையோடு போய்ச் சீருடையோடு திரும்புவார்கள். நானும் அப்படித்தான் நடத்தினேன். என்னிடம் வந்த ஒரு சிறுவன், உயரம் போதாதவன், ஓராண்டு முழுவதும் திடலின் ஓரத்தில் நின்று, வேலிக்கு வெளியே போகும் பந்துகளை எடுத்துக் கொடுத்தான். மற்றவர்கள் போன பிறகு, மாலை மங்கும்வரை தனியே வளையத்துக்குப் பந்தெறிவான். அவனைப் பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாம் என்று இருந்தேன். அடுத்த வருடம் அவன் வரவில்லை. உயர்தர வகுப்பும் தனியார் வகுப்புகளும் தொடங்கிவிட்டன, விளையாட்டு அவனுக்கு முடிந்துவிட்டது. அதன் பிறகுதான், தெரிவாகாத பிள்ளைகளையும் சேர்த்து இரண்டாவது அணி ஒன்றை அமைத்து, அயற்பாடசாலையின் இரண்டாவது அணியோடு சனிக்கிழமைக் காலைகளில் விளையாட விட்டேன். அதற்குக் கிண்ணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமையையும் தவறவிட்டதில்லை.

ஜோர்டனின் கதைக்குத் திரும்புகிறேன். பல்கலைக்கழக முதலாண்டில், 1982 இறுதிப் போட்டியில், வெற்றிப் புள்ளிகளைப் பெற்றுக் கொடுத்தவர் அவர். இருந்தும் 1984 ஆம் ஆண்டு தொழில்முறைக் கழகங்கள் புதிய வீரர்களைத் தெரிவு செய்தபோது, ஒலாஜுவானுக்கும் சாம் பொவிக்கும் அடுத்து, மூன்றாவதாகவே சிக்காகோ அவரை எடுத்தது. முதற் பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 28.2 புள்ளிகள் பெற்றார். இரண்டாவது பருவத்தில் கால் எலும்பு முறிந்து 64 ஆட்டங்களை இழந்தார். முதலாவது சாம்பியன் பட்டம் 1991 இல், அவருடைய ஏழாவது பருவத்தில்தான் கிடைத்தது.

கோபி பிரயண்ட், பல்கலைக்கழகத்துக்கே போகாமல், 1996 இல் பாடசாலையிலிருந்து நேரே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். முதற் பருவத்தில் 48 நிமிட ஆட்டத்தில் சராசரியாகப் பதினைந்து நிமிடமளவுதான் அவருக்குக் கிடைத்தது. 1997 மே மாதம், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம் ஒன்றில் யூட்டா அணியை எதிர்கொண்டபோது, ஆட்டநேர முடிவிலும் மேலதிக நேரத்திலும் அவர் எறிந்த நான்கு பந்துகள் வளையத்தைத் தொடாமலே விழுந்தன. பதினெட்டு வயதுப் பையன், நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் முதற் பந்து தவறிய பிறகும் பயிற்றுநர் அவரை வெளியே அழைக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். பாடசாலையில் ஒரு பருவத்துக்கு முப்பது சொச்சம் ஆட்டங்கள் ஆடிப் பழகிய கால்களுக்கு 82 ஆட்டங்கள் கொண்ட பருவம் தாங்கவில்லை என்று கண்டுகொண்ட பிரயண்ட், அடுத்த பருவத்துக்கு முன் தன் உடற்பயிற்சி முறையையே மாற்றினார். வாங்கில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அந்தக் குறை தெரிய வந்திருக்குமா?

1978 கார்த்திகையில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை மறவாத நேயர்கள், ரிம் டங்கனின் கதையை எளிதில் உணர்வார்கள். கரீபியன் கடலில் சென்ற் குரோய் என்ற சிறு தீவில் பிறந்த அவர் ஒரு நீச்சல் வீரர்; அவருடைய அக்கா 1988 சோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். 1989 இல் ஹியூகோ சூறாவளி அந்தத் தீவின் ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல் தடாகத்தை அழித்தது. கடலில் நீந்திப் பழகச் சொன்னார்கள். சுறாவுக்குப் பயந்து அவர் மறுத்தார். பதின்மூன்று வயதுக்குப் பிறகுதான் கூடைப்பந்தாட்டத்துக்கு வந்தார். படிப்பை முடிப்பதாக மறைந்த தாயாருக்குக் கொடுத்த வாக்குக்காக நான்காண்டும் பல்கலைக்கழகத்தில் இருந்து பட்டம் பெற்று, 1997 இல் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டார். பிந்தி வந்தவரிடம் அங்கே எவரும் வயதைச் சொல்லிக் கதவடைக்கவில்லை.

நேரம் குறைவாக இருப்பதாகச் சைகை காட்டுகிறார்கள். ஸ்டீபன் கரியின் கணுக்கால் உபாதையைப் பற்றிச் சொல்ல எண்ணியதை விட்டுவிடுகிறேன். ஏதென்ஸ் தெருக்களில் கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் விற்று வளர்ந்த யான்னிஸ் அந்தெதொகும்போவை, 2013 இல் மில்வோக்கி அணி பதினைந்தாவதாக எடுத்தது. முதற் பருவத்தில் ஆட்டத்துக்கு 6.8 புள்ளிகள்தான். ஆனாலும் ஆட்ட நேரத்தில் பாதியளவு அவர் திடலில் நின்றார். 2021 இல் அதே அணிக்குச் சாம்பியன் பட்டம் வென்று கொடுத்தார். கடைசி ஆட்டத்தில் 50 புள்ளிகள்.

இறுதியாக நிகோலா யோகிச். 2014 இல் 41 ஆவது ஆளாக டென்வர் அவரைத் தெரிவு செய்த வேளையில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவரோ சேர்பியாவில் உறங்கிக்கொண்டிருந்தார். டென்வர் அவரை உடனே அழைத்து வாங்கில் இருத்தவில்லை. இன்னும் ஓராண்டு ஊர்க் கழகத்திலேயே விளையாட விட்டது. அந்த ஆண்டில் அவர் தாம் ஆடிய தொடரின் மிகச் சிறந்த வீரரானார், பின்னர் என்.பி.ஏ.யில் அதே விருதை 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெற்றார். அந்த ஓராண்டைப் பற்றி விரிவாகப் பேசவே குறிப்பெடுத்து வந்தேன், நேரம் முடிந்துவிட்டது. சனிக்கிழமைக் காலையில் தங்கள் இரண்டாவது அணியோடு விளையாட விரும்பும் பாடசாலைகள் நிலையத்துக்கு எழுதுங்கள், என்னிடம் சேர்ப்பிப்பார்கள். வணக்கம்.