மணலில் எழுத உட்கார்ந்தவர்

(வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படும் இளைஞரை வழியனுப்பும் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சபையாருக்கும் ஆசிரியர்களுக்கும் என் ஸ்தோத்திரம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்குப் பயிற்சி முடிந்துவிட்டது, விசாவும் கைக்கு வந்துவிட்டது என்றார்கள். சந்தோஷம். இப்படிப்பட்ட கூட்டங்களில் ஆபிரகாம் தன் தேசத்தை விட்டுப் புறப்பட்டதில் ஆரம்பிப்பது வழக்கம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. 1705-ல் கப்பல் ஏறிய 23 வயது இளைஞர் ஒருவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு. இந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு அச்சு இயந்திரமும் 1715-ல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் ஞாபகத்துக்கு வரும். அதெல்லாம் பிற்பாடு. புறப்படும்போது அவர் எப்படி இருந்தார்? உள்ளதைச் சொன்னால், அனுப்பத் தகுந்த ஆள் போலவே இல்லை. ஜெர்மானியர். அங்கே ஹாலே ஊரில், பக்தி இயக்கம் என்ற சபைச் சீர்திருத்த இயக்கத்தின் தலைவர் பிராங்கே ஐயரிடம் படிக்கப் போனார். உடம்பு ஒத்துழைக்காமல் பாதியில் விட்டுவிட்டார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக், டேனிஷ்காரர் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு மிஷனரிகளைத் தேடியபோது இவர் பெயரும் புளூட்சோ என்ற இன்னொரு ஜெர்மானியரின் பெயரும் போயின. கோபன்ஹேகனில் பிஷப் இருவரையும் பரீட்சித்துத் தேறவில்லை என்று சொல்லிவிட்டார். பக்தி இயக்கத்தாரை அவருக்கு ஆகாது. அரசர் தலையிட்டு மறுபடி பரீட்சை வைக்கச் சொன்ன பிறகுதான் தேறினார்கள். நவம்பர் 11-ல் குருப்பட்டம், அந்த மாதக் கடைசியில் சோபியா ஹெட்விக் என்ற கப்பல். எபிரெயம் தெரியும், கிரேக்கம் தெரியும். தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

தம்பி, உங்கள் சான்றிதழில் நல்ல மதிப்பெண் இருக்கிறது. அதைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அது இங்கே உள்ளவர்கள் உங்களைப் பற்றி எழுதியது. போகிற ஊரில் அதை வாசிக்க ஆள் இல்லை.

1706 ஜூலை 9-ல் இருவரும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். கையில் அரசரின் கட்டளை. அப்படியும் டேனிஷ் கவர்னர் ஹாசியஸ் அவர்களைக் காக்க வைத்தார், என்ன வேலையாக வந்தீர்கள் என்று எரிச்சலோடு கேட்டார், பிறகு தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து, கடன் வழக்கொன்றில் ஒரு விதவைக்காகப் பரிந்து பேசியதில் சீகன்பால்குவை நாலு மாதம் கோட்டையில் அடைத்ததும் இதே கவர்னர்தான். எதிர்ப்பு வெளியாரிடமிருந்துதான் வரும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பல நேரம் அது ஞானஸ்நானம் பெற்றவர்களிடமிருந்தே வரும்.

சரி, தெருவில் நின்றவர் என்ன செய்தார்? துறைமுகத்தில் புழங்கிய போர்த்துகீசியத்தை முதலில் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்தார். அந்தப் பிள்ளைகள் நடுவே தரையில் உட்கார்ந்து, அவர்கள் எழுதுகிற மாதிரியே மணலில் விரலால் அ, ஆ எழுதினார். வாத்தியாருக்குப் போர்த்துகீசியம் தெரியாது, எழுதின சொல்லுக்கு என்ன பொருள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதற்கு அழகப்பன் வந்தார். போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பேசக்கூடிய தமிழர். நம் சரித்திரத்தில் அழகப்பனுக்குக் கிடைத்திருப்பது ஒரு வரிதான். அவர் இல்லாமல் மிச்சக் கதை இல்லை.

சீகன்பால்குவின் ஒருநாள் அட்டவணையைக் கேளுங்கள், அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை ஏழு முதல் எட்டு வரை முன்பு எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்ப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ் ஏடுகள் மட்டும். பக்கத்தில் ஒரு வயதான புலவர், ஒரு எழுத்தர். புதிதாக வந்த சொல்லை எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். மாலையில் மறுபடி ஏடு. இருட்டிய பிறகு கண் களைத்துப்போகும் என்று வேறொருவர் வாசிக்க, இவர் கேட்பார். பிடித்துப்போன ஏட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார். இதில் பிரசங்கத்துக்கு எங்கே நேரம் என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டுத்தான் அவருக்குப் பேச வந்தது. கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் 1708-லேயே ஜெர்மனில் பெயர்த்துவிட்டார். போதிக்க வந்தவர் முதலில் ஆத்திசூடி பாடிய நம் ஔவைப் பாட்டியிடம் பாடம் கேட்டிருக்கிறார்!

இன்னொன்று செய்தார். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிக் கடிதமாகப் பதில் வாங்கினார்: உங்கள் வழிபாடு என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. வந்த பதில்களில் மரியாதை இருந்தது, சூடும் இருந்தது. கிறிஸ்தவர்கள் மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை என்று நேருக்கு நேராகவே எழுதினார்கள். அவர் அதை மறைக்கவில்லை. ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்.

தம்பி, உங்கள் முதல் வருடத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வந்ததும் உடனே மறுப்பு எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூலும் எழுதினார். ஹாலேயில் அதை வரவேற்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால் அதைப் பரப்புகிறாயா என்ற நினைப்பு. கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1867-ல் சென்னையில்தான் அச்சேறியது. அனுப்புகிறவர்களுக்குப் புரிய நூற்றைம்பது வருஷம் ஆனது.

அதனால் கடைசியாகச் சொல்வது தம்பிக்கு இல்லை, சபையாருக்கு. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், பிற்பாடு பிஷப் ஆன நம் தமிழர் வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று மிஷனரிகளிடம் கேட்டார். அனுப்பும் சபைக்கும் அது பொருந்தும். சீகன்பால்குவின் கடைசி வருடங்களில், தரங்கம்பாடியைக் கண்ணால் பார்க்காத கோபன்ஹேகன் மிஷன் அலுவலகத்திலிருந்து கண்டனக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. உடம்பும் மனதும் ஒடிந்து 1719 பிப்ரவரியில், 36 வயதில் போய்ச் சேர்ந்தார். ஆகவே இந்தத் தம்பிக்கு முதல் கடிதம் எழுதும்போது எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று கேட்காதீர்கள். பாஷை எவ்வளவு வந்திருக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறதா, பக்கத்து வீட்டில் யார் பழக்கம் ஆகியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வர ஒரு மாதம் தாமதமானால் காணிக்கையை நிறுத்திவைக்கவும் வேண்டாம்.