விருந்துச் சீட்டும் இரண்டு டொலர் நாணயமும்

வணக்கம், நேயர்களே. ஸ்காபரோவில் இயங்கும் ஒரு பழைய மாணவர் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில், நம்மவர் நடத்தும் நிதிசேர் நிகழ்வுகளை மூத்தவர்களும் கனடாவில் பிறந்து வளர்ந்தவர்களும் எவ்வாறு பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் தலைமுறைக்குக் கொடை என்பது முகம் பார்த்துச் செய்வது. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு உபயம் ஏற்றுப் பழகிய நாங்கள், இராப்போசன விருந்துக்குச் சீட்டு விற்க வருபவர் கூடப் படித்தவராகவோ உறவினராகவோ இருந்தால், பணம் எந்தத் திட்டத்துக்குப் போகிறது என்று கேட்காமலே ஒரு மேசையை முழுவதுமாக வாங்கிவிடுவோம். கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்ற கூச்சம் எங்களுக்கு. ஊரில் எத்தனையோ பாடசாலைகளின் கூரைகள் அந்த நம்பிக்கையால் எழுந்தவை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

பிள்ளைகள் கொடுக்கக் கற்றது வேறிடத்தில். புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி ஃபொக்ஸ் என்ற கனடிய இளைஞர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக 1980இல் செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே நகருக்கு அருகில் ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. அவர் மறைந்த 1981ஆம் ஆண்டிலேயே தொடங்கிய நினைவோட்டத்துக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, இவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற வரையறையும் இல்லை. செப்டெம்பர்தோறும் இரண்டு டொலர் நாணயம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பள்ளி மைதானத்தில் ஓடிய பிள்ளைக்கு, காசு புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகிறது என்பது ஆறு வயதிலேயே தெரியும்.

அப்படி வளர்ந்தவர்கள் நம் விருந்து மண்டபத்துக்கு வந்ததும் செலவைக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. நூறு டொலர் சீட்டில் உணவின் பெறுமதி அறுபது என்றால், பதிவுபெற்ற தொண்டு நிறுவனமும் மீதி நாற்பதுக்கே வரிவிலக்குப் பற்றுச்சீட்டு கொடுக்கலாம் என்பது கனடாவின் வருமானவரி விதி. ஆனால், அந்த அறுபதையும் வீண் என்று இளையவர்கள் தள்ளிவிடும்போது நான் மறுக்கிறேன். போரில் சிதறிப்போன ஒரு வகுப்பு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மேசையில் கூடுவதும் அந்தச் சீட்டினால்தான்.

சென்ற ஆண்டு விருந்தின்போது, மண்டப வாடகை, உணவு, இசைக்குழு ஆகியவற்றின் செலவையும் ஊருக்கு அனுப்பவிருந்த தொகையையும் ஒரே தாளில் எழுதி வாசலில் ஒட்டினோம். இளையவர்களுக்காகத்தான் ஒட்டினோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதன் முன் நெடுநேரம் நின்று படித்தவர்களில் பெரும்பாலானோர் என் வயதுக்காரர்கள்.